பழைய லேசருக்கு வைஃபை: வீட்டில் எல்லோருக்கும் ஒரே பிரிண்டர்

வீட்டில் பிரிண்டர் இருக்கிறது, ஆனால் அது ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் சொந்தம். மற்றவர்கள் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அந்த ஆளுக்கு அனுப்பிவிட்டு, அவர் லேப்டாப்பைத் திறந்து உட்காரும் வரை காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடை. யுஎஸ்பி கேபிள் மட்டுமே உள்ள லேசர் பிரிண்டரை வைத்திருக்கிற பல வீடுகளில் இதுதான் நிலவரம்.

"வைஃபை உள்ளதா புதுசு எடுத்துக்கோங்க சார்" என்பார் கடைக்காரர். நன்றாக ஓடுகிற ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ ஓரங்கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதற்கான 12ஏ கார்ட்ரிட்ஜ் எந்த ஊரிலும் கிடைக்கும், ரீஃபில் செய்ய ஆளும் கிடைப்பார். ஒரிஜினல் கார்ட்ரிட்ஜுக்கு 2,000 பக்கம் என்பது கம்பெனிக் கணக்கு. மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும் இங்க் காய்ந்துபோகும் பேச்சே இல்லை. அதையே வீட்டுக்குப் பொதுவாக்க விண்டோஸ் ஷேரிங், ரவுட்டரின் யுஎஸ்பி துளை, தனியாக ஒரு சின்ன லினக்ஸ் போர்டு என்று வழிகள் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரிண்டரை யாருடைய லேப்டாப்பிலும் கட்டிப்போடக் கூடாது.

விண்டோஸ் ஷேரிங்கில் செலவே இல்லை. பிரிண்டர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் டேப், அதில் ஒரு டிக். மற்ற கம்ப்யூட்டரில் இருந்து தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நெட்வொர்க் ப்ரொஃபைல் 'பப்ளிக்' என்று இருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் யார் கண்ணிலும் படாது. அதை 'பிரைவேட்' ஆக்கியதும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கும். பலர் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான். தினமும் அடித்து உள்ளே போகிற பின் நம்பரை அடித்தால் ஏற்காது, ஏனென்றால் பின் அந்த ஒரு மெஷினுக்குள் மட்டும்தான் செல்லும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது.

2021-க்குப் பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. அந்த ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. பிரிண்ட் ஸ்பூலர் வழியாக வந்து கம்ப்யூட்டரையே கைப்பற்றிவிடலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை இறக்கவே அட்மின் உரிமை வேண்டும் என்று ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் மாற்றியது. இன்னொரு ஓட்டைக்காக, கம்ப்யூட்டர்கள் பிரிண்ட் விஷயமாக ஒன்றோடொன்று பேசும் முறையையும் செப்டம்பர் அப்டேட்டில் இறுக்கியது. 11பி என்று முடிகிற பிழை எண் ஊர் உலகமெல்லாம் தலைகாட்டியது அப்போதுதான். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் போதும் என்று யூட்யூபில் ஏகப்பட்ட வீடியோக்கள். போதும்தான். பூட்டைக் கழற்றி எறிந்தால் கதவு திறக்காமலா போகும்? அதற்குப் பதில் இரண்டு மெஷினிலும் அப்டேட்டை முடித்து, டிரைவரையும் இரண்டிலும் முன்கூட்டியே போட்டுவிட்டு, 'லோக்கல் போர்ட்' முறையில் சேர்த்துப் பாருங்கள். பலருக்கு இது கைகொடுக்கிறது. இத்தனை பாடுபட்ட பிறகும், அந்தக் கம்ப்யூட்டர் தூங்கினால் வீட்டில் யாருக்கும் பிரிண்ட் கிடையாது. போனில் இருந்து நேராகப் போடவும் முடியாது.

ரவுட்டரின் முதுகில் உள்ள யுஎஸ்பி துளையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 1020 போன்ற பிரிண்டர்களுக்குள் இருப்பது 2 எம்பி நினைவகம். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றித் தருவது கம்ப்யூட்டரின் பொறுப்பு. போதாததற்கு, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ஃபர்ம்வேரையும் கம்ப்யூட்டர்தான் உள்ளே ஏற்ற வேண்டும். வந்ததை அப்படியே தள்ளிவிடத்தான் ரவுட்டருக்குத் தெரியும்.

கடைசியில் நான் நிலைத்தது ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போர்டில். 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வந்தது. 65 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம், 512 எம்பி நினைவகம். மெமரி கார்டு, சார்ஜர், ஓடிஜி கேபிள் எல்லாம் சேர்த்தாலும் புது வைஃபை லேசர் விலையில் சிறு பங்குதான் ஆகும். மானிட்டர், கீபோர்ட் எதுவும் மாட்ட வேண்டாம். ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளில் வைஃபை பெயர், பாஸ்வேர்ட், ரிமோட் லாகின் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்து கார்டில் எழுதிவிடலாம். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 'லைட்' பதிப்பு போதும்.

அதில் ஏற்ற வேண்டியது கப்ஸ் என்ற பிரிண்ட் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1990-களின் கடைசியில் எழுதத் தொடங்கியது. மேக் கம்ப்யூட்டர்களில் பிரிண்ட் வேலையை உள்ளிருந்து பார்ப்பதும் இதுதான். நம் யூசரை 'எல்பிஅட்மின்' குழுவில் சேர்த்து, ரிமோட் அட்மின் அனுமதியைத் திறந்துவிட்டால், லேப்டாப் பிரவுசரில் போர்டின் ஐபி முகவரியோடு 631 என்ற போர்ட் எண்ணை அடித்து உள்ளே போகலாம். செர்டிஃபிகேட் சரியில்லை என்று பிரவுசர் பயமுறுத்தும். போர்டு தனக்குத் தானே எழுதிக்கொண்ட செர்டிஃபிகேட் அது, வீட்டுக்குள் தொடரலாம். கவனிக்க வேண்டியது ஷேர் டிக். அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் ஒன்று, பிரிண்டரைச் சேர்க்கும் பக்கத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் போனில் பிரிண்டர் தெரியாது. பேப்பர் அளவையும் பாருங்கள். அமெரிக்க வழக்கப்படி 'லெட்டர்' என்று நின்றிருந்தால் ஏ4 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹால் டிக்கெட்டின் அடிவரி கீழே விழுந்துவிடும்.

1020-க்கு டிரைவர், ரிக் ரிச்சர்ட்சன் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ். டிரைவர் தனி, ஃபர்ம்வேர் கோப்பு தனி; இரண்டையும் இறக்க வேண்டும். ஃபர்ம்வேர் ஏறாத பிரிண்டரைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் வேடிக்கை. விளக்கு எரியும், வேலை முடிந்தது என்று திரை சொல்லும், பேப்பர் மட்டும் அசையாது. போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் ஃபர்ம்வேர் மறுபடி ஏறும்.

எல்லாம் கூடிவந்தால் பலன் அருமை. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010-இல் வந்தது, இந்தப் பிரிண்டர் அதற்கும் முந்தியது. ஆனாலும் ஐபோனில் ஷேர் பட்டனைத் தட்டியதும் அதன் பெயர் வந்து நிற்கிறது, எந்த ஆப்பும் போடாமல். ஆண்ட்ராய்டில் உள்ளேயே இருக்கும் பிரிண்ட் சர்வீஸ் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் 11, தன்னிடம் உள்ள ஐபிபி டிரைவரை வைத்தே சேர்த்துக்கொள்கிறது. எழுத்து மட்டும் உள்ள பக்கம் தாமதமில்லாமல் வருகிறது. படம் நிறைந்த பிடிஎஃப் என்றால் இந்தச் சின்ன போர்டு யோசிக்கத்தான் செய்யும்.

இனி தொந்தரவுகள். 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று வந்தால் பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறு இருக்காது, முகவரி மாறியிருக்கும். கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் எழுந்து ஐபி முகவரிகளைப் புதிதாகப் பங்கு போடுகிறது. நேற்று 192.168.1.7-இல் இருந்தது இன்று 1.12-க்குக் குடிபோயிருக்கும். லேப்டாப் இன்னும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். நேரடி வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ரவுட்டர் விழிப்பதற்குள் பிரிண்டர் விழித்துவிட்டால், முகவரி தர ஆளில்லாமல் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தால் பிரிண்டரை மட்டும் அணைத்துப் போடுங்கள். நிரந்தரத் தீர்வு ரவுட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷன் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு முகவரியை அதற்கென்றே ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. கரண்ட் அடிக்கடி போகிற இடம் என்றால் ரவுட்டருக்கும் போர்டுக்கும் மினி யுபிஎஸ் போட்டுவிடுங்கள், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுவிடும்.

"சித்தப்பா, என் போன்ல பிரிண்டரே காட்டலையே" என்றாள் விடுமுறைக்கு வந்த அண்ணன் மகள்.

"எந்த வைஃபைல இருக்க?"

"கெஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சே, அதுல."

கெஸ்ட் வைஃபையின் வேலையே வீட்டுச் சாதனங்களை விருந்தாளி கண்ணில் காட்டாமல் இருப்பதுதான். மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வைத்திருக்கிற வீடுகளில் இதைவிடச் சங்கடம். அந்த ரவுட்டர் தனி நெட்வொர்க் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும். இன்டர்நெட் ஓடும், பிரிண்டர் மட்டும் தெரியாது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பிரிண்டர் கொடுக்கும் குரல் ரவுட்டர் எல்லையைத் தாண்டாது. மாடி ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் போன் 5-லும் இருப்பது பொதுவாகத் தடையில்லை. ஆனால் இந்த போர்டும் பல வைஃபை பிரிண்டர்களும் 2.4 மட்டுமே அறிந்தவை என்பதால், முதலில் இணைக்கும்போது அந்த அலைவரிசை திறந்திருக்க வேண்டும்.

விண்டோஸில் ஒரு வேலை சிக்கி, அழித்தாலும் 'டிலீட்டிங்' என்றே நிற்கிறதா? சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி ஓட விடுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்வதைவிட இது நிச்சயம்.

631 போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடவே கூடாது. 2024 செப்டம்பரில் கப்ஸோடு வரும் 'கப்ஸ் பிரவுஸ்டு' பகுதியில் பெரிய ஓட்டை ஒன்றைப் பாதுகாப்பு ஆய்வாளர் சிமோனே மார்காரிடெல்லி வெளியிட்டார். பக்கத்தில் உள்ள பிரிண்டர்களைத் தேடிச் சேர்ப்பது அந்தப் பகுதியின் வேலை. நம் போர்டு பிரிண்டரைக் கொடுக்கிற பக்கம் இருக்கிறது, தேடுகிற பக்கம் இல்லை. ஆகவே அதை நிறுத்திவிட்டேன், எதுவும் குறையவில்லை.

கமாண்ட் லைன் என்றாலே ஒவ்வாதவர்களுக்கு இந்த போர்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கலரோ ஸ்கேனோ வேண்டுமென்றாலும் புதிய பிரிண்டர்தான் சரி. அதை வாங்கும்போது பெட்டியில் ஏர்பிரிண்ட், மோப்ரியா என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பெனிகளின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2023 செப்டம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. இந்தப் பெயர்கள் உள்ள, டிரைவர் கேட்காமல் ஓடும் பிரிண்டருக்கு அந்தக் கவலை இல்லை. லேன் துளையும் உள்ள மாடல் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் அதையே எடுத்து, கேபிளை நேராக ரவுட்டரில் சொருகிவிடுங்கள்.