மால்வோலியோவுக்காக அழுதது போதும்

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் எழுதப்பட்டவற்றைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு மனப்பாடமாகியிருக்கும். அது நகைச்சுவை நாடகமே அல்ல. சர் டோபி என்ற குடிகாரப் பிரபுவும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து, உழைத்து முன்னேற நினைத்த காரியஸ்தன் மால்வோலியோவை ஏமாற்றி இருட்டறையில் அடைத்து, அவனைப் பைத்தியம் என்று நிறுவப் பார்த்த கொடுமையின் கதை. காதலும் கல்யாணமும் அந்தக் கொடுமையை மறைக்கப் போர்த்திய பட்டு. மேடையிலும் இந்த வாசிப்புக்குத்தான் செல்வாக்கு. உங்கள் எல்லோரையும் பழிதீர்ப்பேன் என்று சூளுரைத்து மால்வோலியோ வெளியேறும் கணம்தான் நாடகத்தின் உண்மையான முடிவு என்றும் அதன்பின் வருவதெல்லாம் சடங்கு என்றும் மாணவர்கள் கற்கிறார்கள். இதற்கு ஆழமான வாசிப்பு என்று பெயர். நாடகத்தின் கட்டுமானத்தைப் படிக்க மறுத்த வாசிப்பு இது என்பதே என் எண்ணம். இந்தப் பிழைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

மூலக்கதைகளிலிருந்து தொடங்கலாம். இத்தாலியின் சியெனா நகரத்து அறிஞர் குழு ஒன்று 1530களில் மேடையேற்றிய 'ஏமாற்றப்பட்டவர்கள்', ஆங்கிலத்தில் பார்னபி ரிச் 1581இல் வெளியிட்ட அப்பலோனியஸ், சில்லா கதை ஆகிய இரண்டிலும் இந்நாடகத்தின் எலும்புக்கூடு இருக்கிறது: ஆண் வேடமிட்ட பெண், தான் விரும்பும் ஆணிடமே ஏவலாளாகச் சேர்ந்து, அவனுக்காக வேறொரு பெண்ணிடம் தூது போகிறாள், அந்தப் பெண் தூதனை விரும்பிவிடுகிறாள், உருவொத்த சகோதரன் வந்து சிக்கலைத் தீர்க்கிறான். மால்வோலியோ இவற்றில் இல்லை. அவன் ஷேக்ஸ்பியரின் சொந்தப் படைப்பு என்பதை மால்வோலியோ பக்தர்கள் தவறாமல் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் அதே ஷேக்ஸ்பியர் செய்த இன்னொரு மாற்றத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். ரிச்சின் சில்லா, ஏற்கெனவே தான் காதலித்தவனைத் துரத்திக்கொண்டுதான் கடலேறுகிறாள். சியெனா நாடகத்தின் லீலியாவும் தன்னை முன்பு விரும்பி மறந்துபோனவனை மீட்கவே வேடமிடுகிறாள். ஷேக்ஸ்பியரின் வயோலாவுக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்லை. கப்பல் உடைந்து, அண்ணன் இறந்துவிட்டான் என்ற எண்ணத்தோடு, இல்லிரியா என்ற தெரியாத கரையில் நிற்கிறாள். ரிச் கதையில் தூது பெறும் கைம்பெண்ணையும் ஷேக்ஸ்பியர் அண்ணனைப் பறிகொடுத்த ஒலிவியாவாக மாற்றினார். ஒரே இழப்புக்கு ஆளான இரு தங்கைகள். ஒருத்தி ஏழாண்டுகள் முகத்திரைக்குள் அழுவேன் என்று சபதம் செய்கிறாள். மற்றவள் வேலை தேடிப் புறப்பட்டு, ஒலிவியாவை விரும்பும் கோமகன் ஆர்சினோவிடம் சேர்கிறாள். நாடகம் கிளைப்பது இந்த இடத்திலிருந்துதான்.

முதல் இரு நூற்றாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டனில் சட்டம் பயில்வோரின் மிடில் டெம்பிள் விருந்தில் இந்நாடகம் நடந்தது. அங்கே மாணவராக இருந்த ஜான் மேனிங்ஹாம் தன் நாட்குறிப்பில், காரியஸ்தனைப் போலிக் கடிதத்தால் ஏமாற்றும் உத்தியைப் பாராட்டி எழுதினார். 1623 முதல் தொகுப்பில்தான் நாடகம் அச்சேறியது. மன்னர் முதலாம் சார்லஸ் தம்மிடமிருந்த 1632ஆம் ஆண்டுப் பதிப்பில் நாடகத் தலைப்பின் அருகே மால்வோலியோ பெயரைத் தம் கையால் எழுதி வைத்தார். நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1660களில் மூன்று முறை பார்த்தார். ஒருமுறைகூட மனம் ஒப்பவில்லை. 1741இல் ட்ரூரி லேன் அரங்கம் நாடகத்துக்கு மறுவாழ்வு தந்தபோது சார்லஸ் மேக்லின் மால்வோலியோவாக நடித்தார். சாமுவேல் ஜான்சன் 1765இல், அவனைக் கேலிக்கு ஆளாக்கியது அவனுடைய கர்வம்தான் என்று தெளிவாகச் சொன்னார். ஆக, மால்வோலியோ தொடக்கம் முதலே புகழ்பெற்றவன்தான். ஆனால் இந்த இரு நூற்றாண்டுகளின் பதிவுகளில் அவனுக்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

அழுகையைத் தொடங்கிவைத்தவர் சார்லஸ் லாம். 1822இல் அவர் பழைய நடிகர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, உரைநடையின் அழகில் நிகரற்றது. விமர்சனமாக அது செய்த சேதமும் நிகரற்றது. தம் இளமையில் பார்த்த ராபர்ட் பென்ஸ்லி என்ற நடிகரை நினைவுகூர்ந்து, மால்வோலியோ இயல்பில் சிரிப்புக்குரியவனே அல்ல என்றார் லாம். அவனிடம் பண்டைய ஸ்பெயின் கனவான்களின் மிடுக்கைக் கண்டார். அவன் வீழ்ச்சியில் அவலச்சுவையை உணர்ந்ததாக எழுதினார். பென்ஸ்லியின் காலத்து மற்றவர்கள் அப்படிப்பட்ட நடிப்பைப் பார்த்ததாகச் சான்றில்லை என்று பின்னாளில் சில்வன் பார்னெட் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அதற்குள் காலம் கடந்திருந்தது. லாமின் நண்பர் வில்லியம் ஹாஸ்லிட் 1817இலேயே இந்நாடகத்தைப் பற்றிச் சொன்ன கருத்து, அதாவது இது எவரையும் வெறுக்காத, கேலி செய்தவரையும் அணைத்துக்கொள்ளும் நற்குணமுள்ள நகைச்சுவை என்ற அருமையான கருத்து, லாமின் கண்ணீரில் கரைந்துபோனது.

1884இல் ஹென்றி இர்விங் தம் லைசியம் அரங்கில் லாமின் மால்வோலியோவுக்கு உடல் கொடுத்தார். வயோலாவாக நடித்தவர் எலன் டெர்ரி. முதல் நாள் பார்வையாளர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் விமர்சனங்கள் வழி வந்த மயக்கங்கள் இல்லாமல் பார்த்தவர்கள், நாடகம் தங்களிடமிருந்து பறிக்கப்படுவதை உணர்ந்தவர்கள் என்றே நினைக்கிறேன். ஐந்தாண்டுகளுக்கு முன், 1879இல், இர்விங் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் யூதனான ஷைலக்கை அவல நாயகனாக்கிப் பெருவெற்றி கண்டிருந்தார். அந்த அச்சிலேயே மால்வோலியோவையும் வார்க்க முயன்றார். இன்றைய விமர்சகர்களும் இந்த இருவரையும் ஒரே மூச்சில் சொல்வதைப் பார்க்கிறேன். இது பொறுத்துக்கொள்ளக் கூடிய ஒப்பீடு அல்ல. ஷைலக் தன் பிறப்பால், தன் மதத்தால் ஒரு நகரம் முழுவதாலும் உமிழப்படுபவன். கடைசியில் மதம் மாறும்படி கட்டாயப்படுத்தப்படுபவன். மால்வோலியோ ஒரு பெரிய வீட்டின் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருப்பவன். அவன் ஒரு பியூரிட்டன், எனவே ஒரு சமயப் பிரிவினரின் பிரதிநிதி என்று வாதிடுவோர், அப்படிச் சொல்லும் பணிப்பெண் மரியாவே அடுத்த பேச்சில் அதை மறுத்து, அவன் காற்றடிக்கும் பக்கம் சாய்பவன் என்று திருத்துவதைப் பார்ப்பதில்லை. 1642இல் பியூரிட்டன்கள் லண்டன் அரங்குகளை மூடியதை மால்வோலியோவின் பழிவாங்கலாகக் காட்டுவது வாசிப்புக்குச் சுவையான வாக்கியம். நாற்பதாண்டுகளுக்குப் பின் நடக்கப்போவதை வைத்து ஒரு காட்சியைப் படிக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நான் நேசிக்கிறேன். 1912இல் ஹார்லி கிரான்வில் பார்க்கர் லண்டன் சவாய் அரங்கில் நாடகத்தை அதன் வேகத்தோடும் இசையோடும் திருப்பித் தந்திருந்தார். 1948இல் நார்த்ரப் ஃப்ரை எழுதிய கட்டுரையும் 1959இல் வெளிவந்த சி. எல். பார்பரின் திருவிழா நகைச்சுவை பற்றிய நூலும் கேள்வியையே மாற்றின. இந்தப் பாத்திரம் எப்படிப்பட்டவன் என்று கேட்பதை விட்டு, இந்தக் கதைப்போக்கு மனிதர்களை எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறது என்று கேட்டார்கள். விடுபடுதல், அதன் வழியாகத் தெளிவடைதல் என்பது பார்பர் கண்ட இயக்கம். ஃப்ரைக்கு மற்ற நாடகங்களில் நகரத்துக்கு வெளியே இருக்கும் பசுங்கானகம், இந்நாடகத்தில் இல்லிரியா நாடு முழுவதுமாகவே விரிந்திருந்தது. தமிழ் வாசகர்கள் கே. ராம்நாத் இயக்கி 1949இல் வந்த 'கன்னியின் காதலி' படத்தை நினைத்துக்கொள்ளலாம். கண்ணதாசனைப் பாடலாசிரியராக அறிமுகப்படுத்திய அந்தப் படம் இந்நாடகத்தின் தழுவல்தான். தலைப்பே நாயகியின் சிக்கலைச் சொல்லிவிடுகிறது. 1969இல் ஜான் பார்ட்டன் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக இயக்கி, ஜூடி டென்ச் வயோலாவாக நடித்த தயாரிப்பைப் பற்றி எழுதியவர்கள் அதன் செக்காவியத் துயரத்தைப் புகழ்கிறார்கள். அந்தத் துயரம் ஒருவன் தலையில் மட்டும் கொட்டப்படாமல் ஒலிவியா, ஆர்சினோ இருவர் வீடுகளிலும் பரவியிருந்தது என்பதே அதன் சிறப்பு.

பிறகு வந்த கோட்பாட்டு அலை பாதிதான் உதவியது. யான் காட் 1964இல் ஆங்கிலத்தில் வந்த தம் நூலில் இல்லிரியாவின் பாலின மயக்கத்தைப் பேசினார். 1975இல் ஜூலியட் டூசின்பெர், 1983இல் லிசா ஜார்டின், 1988இல் ஸ்டீபன் கிரீன்பிளாட் ஆகியோர் பெண்ணாக நடித்த சிறுவன், அவன் ஆணாக வேடமிடும் சிக்கல், உடல் பற்றிய அக்காலத்து மருத்துவ நம்பிக்கைகள் என்று வயோலாவை விவாதத்தின் நடுவே கொண்டுவந்தார்கள். நன்றி சொல்ல வேண்டிய வேலை. ஆனால் அவர்களிடம் வயோலா ஒரு குறியீடானாள், ஓர் உடையானாள். பேசுகிற, தீர்மானிக்கிற, பொறுத்துக்கொள்கிற ஒருத்தியாக அவள் திரும்பவில்லை. அந்த வெற்றிடத்தில் மால்வோலியோ மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டான். 2017இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் சைமன் காட்வின் இயக்கத்தில் டாம்சின் கிரெய்க் அந்தப் பாத்திரத்தை மால்வோலியா என்ற பெண்ணாகவே நடித்தார். எஜமானியை உண்மையாகவே காதலிக்கும் பெண். அந்த நடிப்பு நெஞ்சைத் தொட்டது என்றால் அதற்குக் காரணம், ஷேக்ஸ்பியர் மால்வோலியோவுக்குத் தராத காதலை அந்தத் தயாரிப்பு தந்ததுதான்.

இதை உறுதிசெய்ய இரண்டாம் அங்கத்துத் தோட்டக் காட்சி போதும். ஒலிவியா தன்னைக் காதலிப்பதாக நம்பவைக்கும் போலிக் கடிதம் இன்னும் அவன் கண்ணில் படவில்லை. அதற்கு முன்பே அவன் பகற்கனவில் இருக்கிறான். மூன்று மாதத் திருமணத்துக்குப் பின் வேலைப்பாடு மிகுந்த வெல்வெட் அங்கியில், பிரபுவின் ஆசனத்தில் அமர்ந்து, வேலைக்காரர்களை அழைத்து, சர் டோபியை வரவழைத்து, குடியை விடு என்று அவனுக்கு அறிவுரை சொல்கிறான். இந்தக் கனவில் ஒலிவியா எங்கே? சாய்மஞ்சத்தில் அவளைத் தூங்க விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவள் முகமோ ஒரு சொல்லோ அந்தக் கனவில் இல்லை. அவன் வேண்டுவது அதிகாரம் மட்டுமே. வர்க்க எல்லையைத் தாண்ட நினைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டான் என்பவர்களுக்கு மரியா பதில்: அதே வீட்டில் ஒலிவியாவுக்குப் பணிவிடை செய்யும் அவள் ஒரு பிரபுவை மணக்கிறாள், நாடகம் அவளைத் தண்டிக்கவில்லை.

இருட்டறைக் காட்சி கொடியது. அதை நான் மென்மையாக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கொடுமையை நாடகமே அறிந்திருக்கிறது. பாதியிலேயே சர் டோபிக்கு இந்த விளையாட்டு போதும் என்றாகிவிடுகிறது. உண்மை தெரிந்ததும் ஒலிவியா, அவனுக்குப் பெரும் அநீதி நடந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்கிறாள். ஆர்சினோ அவனைச் சமாதானப்படுத்த ஆள் அனுப்புகிறான். பரிவு நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை.

இன்னொரு செய்தியும் இருக்கிறது, பெரும்பாலோர் கடந்துபோவது. வயோலாவைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம்தான் அவளுடைய பெண் உடைகள் இருக்கின்றன. ஐந்தாம் அங்கத்தில் அவை எங்கே என்ற கேள்வி எழும்போது அவள் சொல்கிறாள்: அந்தத் தலைவன் ஏதோ வழக்கில் சிறையில் இருக்கிறான், வழக்குத் தொடுத்தவன் மால்வோலியோ. இந்தப் பேச்சு வந்த பிறகே ஒலிவியாவுக்குத் தன் காரியஸ்தனின் நினைவு வருகிறது. இருட்டறையில் கிடந்து முறையிட்டவன், வேறொருவனை உள்ளே வைத்திருக்கிறான். அவன் விடுவித்தால்தான் வயோலா உடைமாற்ற முடியும். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டதால் நாடகம் முடியும் வரை அவள் ஆண் உடையிலேயே நிற்கிறாள். கதையின் முடிச்சை இவ்வளவு கவனமாகப் போட்ட ஆசிரியர், எல்லோரும் அடைபட்டிருக்கும் ஒரு நாட்டைக் காட்டுகிறார். ஒலிவியா துக்கத்தில், ஆர்சினோ தன் காதல் பாவனையில், மால்வோலியோ தன்மோகத்தில். தன் உருகலை ஆள்வைத்துச் சொல்லியனுப்பும் ஆர்சினோவும் அதைக் கேட்க மறுக்கும் ஒலிவியாவும் ஐந்தாம் அங்கத்தில்தான் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இவர்களிடையே நடமாடுபவள் வயோலா ஒருத்திதான். தான் காதலிப்பவனுக்காக வேறொருத்தியிடம் போய், வஞ்சகமின்றி, தன் முழுத் திறமையோடும் வாதாடுகிறாள். நான் காதலித்தால் உன் வாசலில் குடிசை போட்டு நள்ளிரவிலும் பாடுவேன் என்ற பொருளில் அவள் பேசும் பேச்சுதான் ஒலிவியாவின் மனத்தை அசைக்கிறது. பெண்களின் காதல் நிலைக்காது என்று ஆர்சினோ உளறும்போது, சொல்லாத காதலால் வெளிறிப்போன ஒரு மகளின் கதையைத் தன் தந்தையின் வீட்டுக் கதையாகச் சொல்கிறாள். தன் பெயரைக்கூட அவள் சொல்லிக்கொள்வதில்லை. பார்வையாளர் காதில் வயோலா என்ற பெயர் முதன்முறையாக விழுவது கடைசிக் காட்சியில், அண்ணன் வாயிலிருந்துதான். அன்னா ஜேம்சன் 1832இல் அவளுடைய மென்மையைப் புகழ்ந்தார். மென்மை என்பது போதாத சொல். எதையும் தன்பக்கம் வளைக்காமல், காலம் அவிழ்க்கட்டும் என்று காத்திருக்கும் துணிவு அது.

நாடகத்தில் அவளுக்கு நிகரான ஒருவன் உண்டு. அது அந்தோனியோ. வயோலாவின் அண்ணன் செபாஸ்டியனைக் கடலிலிருந்து காப்பாற்றியவன். தனக்கு எதிரியான ஆர்சினோவின் நகரத்துக்குள் செபாஸ்டியன்மேல் கொண்ட அன்பால் மட்டும் வருகிறான், பணப்பையைக் கொடுக்கிறான், ஆள்மாறாட்டத்தில் வயோலாவுக்காக வாளை உருவி, அதனாலேயே கைதாகிறான். பையைத் திருப்பிக் கேட்கும்போது அவள் அவனை யாரென்றே தெரியாது என்கிறாள். ஆனாலும் தன்னிடமிருக்கும் சொற்பத்தில் பாதியை எடுத்து நீட்டுகிறாள். எதையும் எதிர்பாராமல் நேசித்த இருவர் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு எதிரெதிரே நிற்கும் காட்சி அது. வயோலாவுக்குக் கதை பரிசளிக்கிறது. இரட்டையரைக் கண்டு, இதில் செபாஸ்டியன் யார் என்று வியந்து கேட்ட பிறகு, அந்தோனியோவுக்கு ஒரு வரிகூட இல்லை.

நகைச்சுவையின் மகிழ்ச்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைத் தேடும் விமர்சகர்களும் இயக்குநர்களும் இங்கே வர வேண்டும். மால்வோலியோவை அழைத்துவர ஆர்சினோ ஆள் அனுப்புகிறான். காவலர் பிடித்து நிறுத்தியிருக்கும் அந்தோனியோவை விடுவிக்கச் சொல்லும் வசனம் நாடகத்தில் எவருக்கும் எழுதப்படவில்லை. கடைசி ஜோடி வெளியேறி, விதூஷகன் ஃபெஸ்டே பாடத் தொடங்குவதற்குள் அவன் விலங்கை யார் அவிழ்ப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பும் தானே முடிவு செய்தாக வேண்டும்.