அறக்கட்டளை இருக்கைகள்: ஒரு திறனாய்வு

பொருள் வைத்து நிறுவப்பெறும் பேராசிரியர் இருக்கைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொடையின் அளவையே பேசி அமைகின்றனர். இருக்கையில் அமர்ந்தவர் யாது செய்தார் என்பதன்றோ ஆராய்தற்குரியது?

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை காணும்பொருட்டு வள்ளல் அழகப்பச் செட்டியார் 1943இல் ஓர் இலட்சம் ரூபாய் ஈந்தார். 1951 முதல் 1954 வரை அங்குத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. பண்டை நூல்கள் பலவற்றைப் பிற்காலத்தனவாகக் கணித்த அவர்தம் முடிபுகள் தமிழன்பர் பலர்க்கு உவப்பல்ல. அவற்றுட் சில எமக்கும் உடன்பாடல்ல. எனினும், தமிழ்ப்பற்றால் விளைந்த பொருள் தமிழ்ப்பற்றாளர் மறுத்த ஆராய்ச்சியாளர்க்கும் இடந்தந்தது. அக்கொடையின் பெருமை இதுவே என்போம்.

ஆர்வர்டு இருக்கைக்கு வேண்டிய 60 இலட்சம் டாலர் 2018இல் நிறைவுற்றது. தமிழ்நாட்டரசு மட்டும் 10 கோடி ரூபாய் நல்கிற்று. கொடையாளர் பெயரை விடுத்துச் 'சங்கம்' எனப் பெயரிட்டது சாலச் சிறப்பே. ஆயின் பதவிப்பெயரில் 'தெற்காசியவியல்' என்றிருக்கிறதேயன்றித் தமிழ் என்னும் சொல்லே இல்லை! அவ்விருக்கையிற் பேராசிரியரானவர் ஐங்குறுநூற்றை ஆங்கிலத்திற் பெயர்த்த மார்த்தா ஆன் செல்பி என்பது ஓரளவு ஆறுதல்.

அந்நூலின் நெய்தற் பாட்டுகளை ஆங்குப் படிக்க இருக்கை உண்டு. ஈங்கோ, எண்ணூர்க் கழியை அடுத்த சடையங்குப்பம் முதலிய ஊர்களைத் தொழிற்கூடங்கள் சூழ்ந்துவிட்டன. அப்பகுதி மீனவர் நாவில் வழங்கும் வலை, மீன், நீரோட்டச் சொற்களைத் தொகுத்தற்கென்றே சென்னையில் ஓர் இருக்கை வேண்டும். அத்தொழிற்கூடத்தாரே அதற்குப் பொருள் வைக்கலாம். ஆய்வாளர் முடிபில் தலையிடோம் என்று ஆவணத்தில் எழுதித்தருதல் வேண்டும்.