மன்னித்தவர்களும் மன்னிக்க மறுத்தவர்களும்

2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்களின் இம்மானுவேல் ஆலயத்தில் வேதபாட வகுப்பு நடந்தது. முன்பின் தெரியாத வெள்ளை இளைஞன் ஒருவன் வந்தான், வரவேற்று உட்காரவைத்தார்கள். மாற்கு நற்செய்தியிலுள்ள விதைப்பவன் உவமையைப் படித்துவிட்டு, ஜெபத்துக்கு அவர்கள் கண்மூடியபோது அவன் சுட்டான். போதகர் கிளெமெண்டா பிங்க்னி உட்பட 9 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில், ஜாமீன் விசாரணையின்போது, திரையில் தெரிந்த அவனிடம் இறந்தவர்களின் உறவினர் சிலர் மன்னித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குபவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. இனப்போரைத் தூண்டவே அவன் வந்தான். அவன் விரும்பிய பதிலை அவர்கள் தரவில்லை. தங்கள் மீதி வாழ்நாளைக் கொலைகாரனைச் சுற்றியே கழிக்கவும் மறுத்தார்கள். அந்த வார்த்தைகள் இரண்டு நாளில் முளைத்தவையும் அல்ல. பிறருடைய குற்றத்தை மன்னிக்கிறோம் என்று சிறுவயது முதல் ஜெபித்து ஊறியவர்களுக்கு, மனம் உடைந்த வேளையிலும் அது வாய்க்கு வந்தது.

அந்தச் சபையின் வரலாறும் பணிவின் வரலாறு அல்ல. வெள்ளையரின் கட்டுப்பாட்டை உதறி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியே கூடியவர்கள் அவர்கள். 1822இல் அச்சபையைச் சேர்ந்த டென்மார்க் வெசி என்பவர் திட்டமிட்ட அடிமைக் கிளர்ச்சி அம்பலமானபின் ஆலயம் அழிக்கப்பட்டது. 1834இல் நகரின் கறுப்பினச் சபைகளே தடைசெய்யப்பட்டன. உள்நாட்டுப் போர் முடியும்வரை மறைவாகக் கூடினார்கள். அதே நூற்றாண்டில், கரீபிய அடிமைகளுக்கென்று லண்டனில் 1807இல் அச்சிட்ட வேதாகமத்திலிருந்து யாத்திராகமத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டிருந்தது. அடிமைகள் விடுதலையாகி வெளியேறும் கதையை அவர்கள் படித்துவிடக் கூடாதாம்! விசுவாசம் தரும் அமைதியை ஆள்பவர்கள் எப்படி வெட்டித் தைப்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2015இலும் ஒரு வெட்டல் நடந்தது. தொலைக்காட்சிகள் மன்னிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டின. மன்னிக்காதவர்களின் கோபம் மங்கிப்போனது. அந்த ஜாமீன் விசாரணையின் தொடக்கத்தில் நீதிபதி, கொலையாளியின் குடும்பமும் பாதிக்கப்பட்டதுதான் என்று சொல்லி அதற்காகவும் இரக்கம் கேட்டார். இறந்தவர்களின் இறுதிச்சடங்குகூட முடியவில்லை! காயப்பட்டவர் தாமாகத் தரும் மன்னிப்பு வேறு, பார்வையாளர்கள் அவரிடம் எதிர்பார்க்கும் மன்னிப்பு வேறு. இரண்டாவது, துக்கப்படுகிறவர்மேல் ஏற்றும் இன்னொரு சுமை. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதமும், இனப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடாமல் பொறுமையாக இருக்கச் சொன்ன 8 வெள்ளை மதகுருமார்களுக்கான பதில்தான். பதற்றம் இல்லாதிருப்பதை நீதியோடு கூடிய சமாதானமென்று எண்ண வேண்டாம் என்றார். அந்தச் செப்டம்பரிலேயே அந்நகர ஆலயமொன்றில் குண்டு வெடித்து 4 சிறுமிகள் இறந்தார்கள்.

2017 ஜனவரியில் சார்ல்ஸ்டன் கொலையாளியின் தண்டனை விசாரணை முடிந்தபோது, மன்னிக்க முடியாது என்று உறவினர் சிலர் அவனிடம் நேருக்கு நேராகச் சொன்னார்கள். அவன் அப்போதும் வருந்தவில்லை. அந்த மறுப்பை விசுவாசக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. 137ஆம் சங்கீதம் பழிவாங்கலையே வேண்டுகிறது. இவற்றை ஆராதனையில் ஒதுக்கிவிட்டு நன்றிப் பாடல்களை மட்டும் பாடும் சபை, கோபத்தோடு வருகிறவரைத் தனியே விட்டுவிடுகிறது. சபைகளிடம் நான் காணும் பெரிய குறை இதுதான்.

மன்னிப்பு, கேட்க வேண்டியதைக் கைவிடுவதும் அல்ல. கொலையாளிக்குத் துப்பாக்கி கிடைத்தது, பின்னணிச் சோதனையில் நேர்ந்த தவறால். கொல்லப்பட்ட 9 பேரின் குடும்பங்களும் உயிர்தப்பிய 5 பேரும் மத்திய அரசுமீது தொடுத்த வழக்குகள், 2021இல் 8.8 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தன. உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி, படுகொலை நடந்து ஒரு மாதம் ஆவதற்குள் மாநிலச் சட்டமன்ற வளாகத்திலிருந்து இறங்கியது. ஆனால் பிங்க்னியின் பெயரால் 2021இல் வந்த வெறுப்புக் குற்ற மசோதா, கீழவையில் நிறைவேறியும் மேலவையில் முடங்கியது. அவர் உறுப்பினராக இருந்த அவை அது.