அழிக்க முடியாத மொழி: வட்டில் இடம் மிச்சம் பிடிப்பது பற்றி

எது வீண், எது தேவை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஒரு பழைய கணினியின் வட்டு நிரம்பிப் போனதிலிருந்து தொடங்குகிறேன்.

டெபியன் லினக்ஸில் லொக்கேல்பர்ஜ் என்றொரு கருவி உண்டு. எந்த மொழிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டியலை நீட்டிக் கேட்கும். நாம் குறிக்காத மொழிகளின் மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் துடைத்துவிடும். தமிழில் எம்.ஏ. படித்த நான் ஆங்கிலத்தை மட்டும் குறித்துவிட்டு நகர்ந்தேன். இடம் கிடைத்தது. பிற்பாடு தமிழ் முகப்புக்கு மாற்றினால், பெரும்பாலான நிரல்கள் ஆங்கிலத்திலேயே நின்றன. யாரும் தடை விதிக்கவில்லை, நானேதான் செய்தேன். அதிகாரம் இப்படித்தான் இயங்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதற்கு முன் இயந்திரத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

1995இல் வெளிவந்த குனு கெட்டெக்ஸ்ட் முறையில், நிரல் எழுதுகிறவர் வழக்கமாக ஆங்கில வாக்கியத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுகிறார். அந்த வாக்கியமே சாவி. தமிழோ பிரெஞ்சோ தனிக் கோப்பில் வெளியே கிடக்கும். கோப்பு இல்லையென்றால் சாவியே திரையில் வந்து நிற்கும். ஆக, எல்லா மொழிகளையும் அழித்தாலும் ஆங்கிலம் அழியாது. மற்றவை 'மொழிபெயர்ப்பு', அது 'மென்பொருள்'. மையம் தன்னை ஒரு மொழி என்று அடையாளப்படுத்திக்கொள்வதே இல்லை.

எடையிலும் பாரபட்சம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. 'ஃபைல்' என்பதை ஆங்கிலத்தில் எழுத 4 பைட் போதும். நம் 'கோப்பு' 18 பைட். கனக்க வைத்துவிட்டு, கனம் என்று சொல்லி இறக்கிவிடுகிறார்கள்.

அதற்காக இடம் மிச்சம் பிடிப்பதே சதி என்கிறேனா? இல்லை. சின்ன வட்டு வைத்திருப்பவரும் நம்ம ஆள்தான். லிப்ரே ஆபீஸின் தமிழ்க் கோப்புகளை டெபியன் தனிப் பொதியாகவே தருகிறது; வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இது நியாயமான சிக்கனம். ஆனால் கொள்கலன்களுக்கான டெபியனின் 'ஸ்லிம்' வடிவங்களில் மொழிபெயர்ப்புகள் முன்கூட்டியே கழிக்கப்படுகின்றன. அங்கே பட்டியல்கூட நீட்டப்படுவதில்லை.

கடைசியாக ஒன்று. துடைத்த பிறகும் பொதி மேலாளரின் பதிவேட்டில் அந்தத் தமிழ்க் கோப்புகளின் பெயர்கள் இருக்கின்றன. ஆவணத்தில் தமிழ் உண்டு, இடத்தில் கிடையாது. இது நமக்குப் பழக்கமில்லாத நிலைமையா என்ன? திரும்பக் கொண்டுவர, ஒவ்வொரு பொதியாக மறுபடி நிறுவினேன். அலுப்பான வேலைதான். சம்பளமில்லாமல் வரிவரியாக மொழிபெயர்த்துப் போட்ட தன்னார்வலர்களின் உழைப்புக்கு முன்னால் அதைச் சொல்லிக்காட்ட எனக்கு வாயில்லை.