சுவடும் எலும்பும்: ‘வார்லுகுலாங்’ ஓவியத்தில் மூதாதையர் கதை

மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் அன்மட்யேர் இனக்குழுவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் போசம் ஜாபல்ட்ஜாரி 1977இல் வரைந்த ‘வார்லுகுலாங்’ ஓவியம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலமுடையது. அதன் புள்ளிப்பரப்பை நிறக்கோலமாகக் கண்டு வியப்பாரும் உளர். மூதாதையர் வழித்தடங்களின் நிலப்படமாகப் படிப்பாரும் உளர். பின்னைய கருத்தே வலுவுடையது. ஆயினும் ஓவியத்தின் வலப்புறத்தில் கிடக்கும் இரண்டு எலும்புக்கூடுகளுக்கு அது போதிய விளக்கம் தருவதில்லை.

வார்லுகுலாங் என்பது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே உள்ள ஓர் இடம். நீலநாக்கு அரணை மூதாதையான லுங்கட்டா அங்கே பெருந்தீ மூட்டினான் என்பது கதை. அவனுடைய மைந்தர் இருவர், தாம் கொன்ற கங்காருவைத் தந்தைக்குப் பங்கிடாமல் உண்டுவிட்டனர். வேட்டைப் பங்கை மறுப்பது பாலைநிலத்தில் உறவையே மறுப்பதாகும். சினந்த தந்தை மூட்டிய தீ மைந்தரைத் துரத்திக் கொன்றது.

இதே பரப்பில் ஈமு, வாலபி, போசம் முதலிய பிற மூதாதையரின் பயணங்களும் குறுக்கிடுகின்றன. அவர்கள் பெரும்பாலும் காலடிச் சுவடுகளாகவே தோன்றுகின்றனர். சுவடு, நடை தொடர்வதன் குறி. அம்மூதாதையர் இன்றும் நிலத்தில் உறைகின்றனர் என்பதே அம்மக்களின் கொள்கை. ‘கனவுக்காலம்’ என்னும் வழக்குச்சொல் அதனை இறந்தகாலமாக்கிவிடுவது பொருந்தாது. மைந்தர் இருவர் மட்டும் எலும்பாகக் கிடக்கின்றனர். பங்கிட மறுத்தோரின் பயணம் அவ்விடத்தே முடிந்தது என இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு.

இவ்வாசிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. 1971இல் பப்புன்யாவில் இவ்வகை ஓவியங்கள் விற்பனைக்கு வரத் தொடங்கியபோது, மறைவாகக் காக்க வேண்டிய சடங்குப்பொருள்கள் அவற்றில் இடம்பெற்றமை பாலைநிலத்தாரிடையே கண்டனத்துக்குள்ளாயிற்று. புள்ளிகள் பெருகியமைக்கு அவற்றை மறைக்கும் நோக்கமும் ஒரு காரணம் எனக் கூறுவர். ஆகவே நமக்குப் புலப்படுவது, காட்ட இசைவு பெற்ற கதை மட்டுமே. எஞ்சியதைத் துருவுவது திறனாய்வின் வேலையன்று.

பங்கிடாமையைப் பற்றிய இவ்வோவியம் 1977இல் 1,200 டாலருக்கு விலைபோய், ஒரு வங்கியின் உணவகச் சுவரில் தொங்கிற்று. ஓவியர் 2002இல் மறைந்தார். 2007இல் ஆஸ்திரேலியத் தேசிய ஓவியக்கூடம் அதனை 24 இலட்சம் டாலருக்கு ஏலத்தில் வாங்கியது. மறுவிற்பனைத் தொகையில் ஓவியருக்கும் அவர்தம் வழியினருக்கும் பங்கு அளிக்கும் சட்டம் அந்நாட்டில் 2009இல்தான் இயற்றப்பட்டது.