பாரமும் பாடமும்

கோயிற்றிருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதுங்கால், ஆவுடையார்கோயிற் கொடுங்கையும் தாரமங்கலத்துத் தூணும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக ஏனைய எவ்வேலையும் செய்து தருவதாகச் சிற்பிகள் எழுதுவர் என்பது வழிவழி வரும் செய்தி. கல்லைத் தகடுபோல் இழைத்த அக்கைத்திறனை வியவாதார் இலர். ஆயின், அத்தலத்தைச் சார்ந்த நூல்களை ஏட்டிலும் தாளிலும் ஆக்கி நம் கைக்குக் கொணர்ந்தாருடைய கைத்திறன் ஆராய்ச்சியாளரால் எண்ணப்படுவதில்லை. பாடமே ஆய்வுக்குரியது, அச்சும் கட்டடமும் தொழிலாளர்பாற் பட்டன என்பார் உளர். அவர் கூற்று ஏற்புடைத்தன்று. அச்சுக்கோப்பும் மடிப்பும் தையலும் பாடத்திற் புகுந்து நிற்றலை ஈண்டு ஆராய்வாம்.

இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோவில் என வழங்கும் ஊரே திருப்பெருந்துறை. திருவாசகத்தோடு பிரிவின்றி இயைந்த தலம் அது. திருவாசகம் பல நூற்றாண்டு ஏட்டில் வாழ்ந்து, பின் அச்சேறி, 1900ஆம் ஆண்டில் போப்பையரின் மொழிபெயர்ப்போடு ஆக்ஸ்போர்டிலும் அச்சாயிற்று. எனினும் எம் கருத்துக்கு அதனினும் ஏற்ற சான்று திருப்பெருந்துறைப் புராணமே. 1870களில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இதனை இயற்றி அத்தலத்திலேயே அரங்கேற்றினார்கள். உடன் சென்ற மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையரவர்கள் 1892இல் இதனைப் பதிப்பித்தார்கள். யாத்த காலத்திற்கும் அச்சிட்ட காலத்திற்கும் இடையே ஏறத்தாழ இருபதாண்டுகளே. பல தலைமுறை எழுத்தாளர் ஏட்டிற் புகுத்தும் பிழைகளுக்கு இங்கே இடமில்லை. ஆதலின் இத்தகைய நூலின் முதற் பதிப்பிற் பிழை காணப்படின், அது அச்சகத்திற் பிறந்ததோ என்பதையே முதற்கண் வினவுதல் வேண்டும்.

ஏட்டுப் பிழை வேறு, அச்சுப் பிழை வேறு. ஏட்டில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஒகரங்களின் குறில்நெடில் வேறுபாடு எழுத்திற் புலப்படாது. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே அங்கு நிகழும் மயக்கம் வடிவொப்புமை பற்றியது. அச்சில் அவ்வாறன்று. உயிர்மெய் வடிவங்கள் பலவாதலின் தமிழ் அச்சுப்பெட்டியில் அறைகள் மிகப் பல. அச்சிட்டு முடிந்தபின் எழுத்துக்களைக் கலைத்து அறைதோறும் மீளப் போடுவர். அப்பொழுது ஓரெழுத்து அறைமாறி விழுமாயின், அடுத்த நூலைக் கோப்பவன் பாராமலே கைநீட்டி அதனை எடுத்துக் கோத்துவிடுவான். இப்பிழைக்கு வடிவொப்புமையும் இல்லை, ஒலியொப்புமையும் இல்லை. அன்றியும், முடுக்கம் தளர்ந்த பாரத்தில் வரியோரத்து எழுத்து மையுருளையோடு ஒட்டி எழுந்துவிடுவதும், எடுத்துச் செருகுவோன் இடம் மாற்றிச் செருகுவதும் உண்டு. இவற்றை அறியாதார், அச்சிற் கண்ட பிழையை ஏட்டுப் பிழையாகக் கருதி, அதற்கொரு மூலபாடம் ஊகித்து, உரையும் வகுத்து நிற்பர். இல்லாத பாடத்திற்கு எழுந்த அவ்வுரைகளை எண்ணின் நகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றும்.

இனிப் பாரத்தின் இயல்பை நோக்குவாம். ஒரு தாளை மும்முறை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். விரித்த தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்களும், மறுபுறத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 ஆகியனவும் அமையும். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்பொழுது 5ஆம் பக்கத்தில் ஒரு பிழை கண்ணிற்பட, பொறியை நிறுத்தித் திருத்தினர் என்று கொள்வோம். முன்னர் அடித்த தாள்கள் கழிக்கப்படா; தாளின் விலை அத்தகையது. திருந்திய தாளும் திருந்தாத தாளும் கலந்தே தைக்கப்படும். ஆகவே ஒரே பதிப்பின் இரு படிகளிற் பாடம் வேறுபடலாம். இதனைக் கண்டு இருவேறு பதிப்புக்கள் எனத் துணிவது தவறு. 5ஆம் பக்கத்தில் வேறுபாடு கண்டவர் உடனே 8, 12 ஆம் பக்கங்களையும் ஒப்புநோக்கல் வேண்டும். பொறி நின்றபொழுது அவற்றிலும் கை பட்டிருக்கலாம். அடுத்துள்ள 6ஆம் பக்கமோ தாளின் மறுபுறத்தது. சிறு பொறிகளில் நான்கு பக்கமே ஒருங்கு அடித்தலும் உண்டு. அங்கே இக்கணக்கு மாறும்.

எழுத்துத் தட்டுப்பாட்டால் விளைந்தது மற்றொன்று. ஒரு நூல் முழுமைக்கும் எழுத்துக் கோத்து நிறுத்திவைக்கும் வளம் அக்கால அச்சகங்களுக்கு அரிது. ஒரு பாரம் முடிந்ததும் அதனைக் கலைத்தால்தான் பின்வரும் பாரங்களைக் கோக்கவியலும். நூல் பாதி அச்சானபின் பதிப்பாசிரியர்க்கு நல்லதோர் ஏடு கிடைத்தால் முற்பகுதியைத் திருத்த வழியில்லை. பிற்பகுதியில் அவ்வேட்டின் பாடம் ஏறும். முற்பகுதிக்குரியது நூலிறுதியிற் பிழைதிருத்தமாக நிற்கும். முகவுரையும் அட்டவணையும் இறுதியில் அச்சிடப்பெற்று, தனிப் பக்க எண்ணோடு முன்னே சேர்க்கப்படுவன. ஆதலால் பதிப்பாசிரியரின் முடிந்த கருத்து நூலின் நடுவில் இல்லை, இரு முனைகளிலேயே உள்ளது. பிழைதிருத்தப் பட்டியை நீக்கி மறுபதிப்பு வெளியிடுவார் எதனை நீக்குகின்றனர் என்பதை உணர்வாராக.

கட்டடத்திற்கு வருவாம். சுவடியில் இரு துளைகள். ஒன்றிற் கயிறு, மற்றொன்றில் நாராசம். மேலும் கீழும் மரச்சட்டம். கயிற்றின் தலையிற் கிளிமூக்கு. கயிற்றை அவிழ்த்து மீண்டும் கோத்தால் ஏட்டுக்கு ஊறில்லை. அச்சு நூலில் மறுகட்டடம் அத்துணைத் தீங்கற்றதன்று. முதல் இதழும் எட்டாம் இதழும் ஒரு மடிப்பின் இரு பாதி. ஒன்று கழன்றால் மற்றதும் தளரும். இவ்விணையைக் கொண்டே, பின்னர் ஒட்டிய இதழ் எது, தொடக்கத்திலேயே இருந்தது எது என்று பிரித்தறிகிறோம். முறையாகப் பாரம் பாரமாகத் தைத்த நூலில் இச்சான்று அழியாது. முதுகை அறுத்துச் சூடான பசை தடவி ஒட்டும் இக்காலக் கட்டடத்தில் மடிப்பே அறுபடுவதால் இணைகள் யாவும் முறிந்து, எல்லாம் தனியிதழாகும். புது நூலுக்கு அது மலிவும் விரைவும் தருவது உண்மையே. அதனை யாம் பழிக்கவில்லை. பழைய பதிப்பொன்றை அவ்வாறு கட்டக் கொடுப்பதையே கடிகின்றோம்.

நூலகம் ஒன்றில் யாம் கண்ட படியொன்று இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு அது. முன்னாளில் அதனைக் கற்ற புலவரொருவர் பாடவேறுபாடுகளைப் பக்க ஓரத்தில் நுண்ணெழுத்தால் குறித்திருந்தார். காலிகோவிற் புதுக்கட்டடம் செய்தவர் விளிம்பு ஒழுங்காகும் பொருட்டு மூன்று புறமும் வெட்டியிருந்தார். ஒவ்வொரு சொல்லிலும் ஈரெழுத்தோ மூன்றெழுத்தோ எஞ்சியிருந்தன. விலையும், கிடைக்குமிடமும், பிற நூல் விளம்பரங்களும் அச்சிட்ட மேலுறைத் தாள் எறியப்பட்டுவிட்டது. கட்டடம் என்னவோ உறுதியானதே! கட்டுவோரிடம் குறையில்லை, வெட்டற்க, உறையை உள்ளே சேர்த்துத் தைக்க என ஒரு சீட்டெழுதிக் கொடாத நம்மவர் குறையே அது. கோட்டையூர் ரோஜா முத்தையா துண்டு வெளியீடுகளையும் நாடக நோட்டீசுகளையும்கூட எறியாது சேர்த்தார். அத்தொகுதியை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைகொடுத்துப் பெற, அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பல்கலைக்கழகங்கள் கழித்ததைத் தனியொருவர் காத்தார் என்பது நமக்குப் பெருமையன்று.

ஒளிப்படியாக இணையத்திற் கிடைக்கும் பழம் பதிப்புக்கள் இக்குறையை ஒருவாறு நீக்கும் என்பர். ஓரளவு உண்மை. ஆயின், படமெடுப்போர் பலர் உறையையும் வெற்றிதழ்களையும் விடுத்து நூலை மட்டுமே எடுக்கின்றனர். பாரந்தோறும் முதற்பக்கத்தின் அடியில் நிற்கும் சிற்றெண், விளிம்பு செதுக்கும்பொழுது மறைந்துவிடுகிறது. ஆய்வேட்டிற்கு ஒரு பதிப்பை அடிப்படையாகக் கொள்ளும் மாணவர், குறைந்தது இரண்டு படிகளையேனும் கையிலெடுத்து, அச்சிற்றெண்களை வரிசையாகக் குறித்து, எப்பாரத்தில் இதழ் குறைந்துள்ளது என்பதைத் தம் ஏட்டின் முகப்பில் எழுதுதல் வேண்டும். திருப்பெருந்துறைப் புராணத்தின் 1892ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.