கூத்தர் சுமந்த கலப்பை

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் நம் வகுப்பறைகளில் இருவகையாகவே பயிலப்பெறுகின்றது. ஒன்று, பண்டைத் தமிழர் இசைக்கருவிகளின் பட்டியல். மற்றொன்று, நன்னன் என்னும் குறுநில மன்னனின் கொடைச் சிறப்பு. இரண்டும் அப்பாட்டில் உள்ளனவே. ஆயின் 583 அடிகளில் பெரும்பகுதியைப் பெருங்கௌசிகனார் எதற்குச் செலவிட்டார் என்று எண்ணிப் பார்ப்பார் அரியர். அவர் பாடியது வழி. காட்டில் எப்படி நடப்பது என்பதே அப்பாட்டின் உயிர்.

கூத்தர்தம் சுமையிலிருந்தே பாட்டுத் தொடங்குகின்றது. முழவும் ஆகுளியும் கொம்பும் குழலும் பிறவும் பையிலிட்டுச் சுருக்கி, இருபுறமும் எடை ஒத்து நிற்கக் காவுதண்டில் தொங்கவிட்டிருக்கின்றனர். அது பலாமரத்திற் கொத்தாய்க் காய்த்த காய்போல் தோன்றுகின்றதாம். இப்பைக்குக் கலப்பை என்று பெயர். (உழுகருவியை நினைத்துக்கொள்ளும் மாணாக்கர் உளர், கலம் பெய்த பை என்று முதலிலேயே பிரித்துக் காட்டிவிடுதல் நலம்.) அச்சுமையில் அரிசி இல்லை, அடுகலம் இல்லை, பாயும் இல்லை. பிள்ளைகளையும் விறலியரையும் உடன்கொண்டு மலைக்காடு கடக்கப் புறப்பட்ட ஒரு கூட்டம், தன் தொழிற்கருவியன்றி வேறொன்றும் சுமக்கவில்லை.

இஃது எங்ஙனம் இயலும்? விடையைப் பாட்டே தருகின்றது. சிற்றூரை அடைந்து நன்னனின் கூத்தர் யாம் என்றால் போதும். சொந்த வீட்டிற் புகுவதுபோல் வாயிலில் நில்லாது புகலாம். தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும். அந்தியில் ஆயர் இருக்கை சேர்ந்தால், தாம் சமைக்க வேண்டாமலே பாலும் மிதவையும் உண்டு; தோற்படுக்கை உண்டு; குளிருக்குத் துணையாகத் தீயும் உண்டு. சுமை குறைந்தது நடப்பார் வலிமையால் அன்று. வழியில் வாழ்வார் பண்பினால். ஒரு நாட்டின் சிறப்பை அந்நாட்டில் நடப்பவன் முதுகைக் கொண்டே அளந்த புலவர் இவர்.

இதனினும் நுட்பமானது அவர் இடர்களைக் கூறும் முறை. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார், இளந்திரையன் காக்கும் நிலத்தில் இடியும் உரறாது, பாம்பும் தீண்டாது, விலங்கும் வருத்தாது என்கின்றார். இனிய புகழ்ச்சிதான், ஆனால் அதை நம்பிக் காலெடுத்து வைத்தவன் கதி என்னாகும்? பெருங்கௌசிகனார் அப்படிச் சொல்லத் துணியவில்லை. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்காகப் புழைதோறும் கல்லடார் வைத்திருப்பர். ஆதலின் இருளில் நடவாது, விடிந்தபின் செல்க. பரற்கற் பிளவுகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். குறிப்பாகப் பார்த்து விலகிச் செல்க. யானையை வெருட்டக் குறவர் எறியும் கவண்கல் பறந்து வரும். மரத்தை மறைவாகக் கொள்க. முதலை மறைந்துறையும் காட்டாற்றங்கரை வழுக்கும். பருத்த கொடியைப் பற்றி, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துச் செல்க. பாசி படர்ந்த இடத்தில் மூங்கிற்கோலை ஊன்றிக்கொள்க. இடர் ஒவ்வொன்றன் பின்னும் அதற்குரிய செயல் வந்துவிடுகின்றது.

குறவரே மயங்கும் குன்றில் வழி தப்பினால் செய்ய வேண்டியதையும் சொல்கின்றார். மேலும் நடக்கற்க, அகன்ற பாறைமேல் ஒன்றுகூடி நும் இசைக்கருவிகளை முழக்குக என்கின்றார். ஒலி கேட்ட கானவர், வெள்ளத்தில் வீழ்ந்தாரைக் காக்க ஓடுவார்போல் விரைந்து வந்து, பழமும் பூவும் காட்டி முன்னே நடந்து வழி காட்டுவர். காட்டில் வழி தவறியவன் நின்ற இடத்திலேயே நின்று ஒலியெழுப்ப வேண்டும் என்றே மீட்புப் பணியாளர் இன்றும் கற்பிக்கின்றனர். சுமந்து வந்த கலப்பை ஈண்டு உயிர்காக்கும் கருவியாகின்றது. இந்த ஓரிடத்திற்காகவே இப்பாட்டை நான் பிற ஆற்றுப்படைகளின் மேல் வைப்பேன்.

பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், தொலைவிற் கிடக்கும் சொற்களை மாட்டிப் பொருள் கொள்ளும் வழக்கினர். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் இதனை மறுத்தமை அறிஞர் அறிவர். வழிப்பாட்டுக்கு இம்முறை சிறிதும் ஒவ்வாது என்பது என் கருத்து. இங்கே அடிகளின் வரிசையே வழியின் வரிசை. உரையாசிரியருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆயினும் காட்டுப்பகுதிகளை மூலம் கிடந்த ஒழுங்கிலேயே மாணாக்கர் முன் படித்தல் வேண்டும்.

சிங்கப்பூரில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமலே பியூட்டி வேர்ல்டு நிலையத்தில் இறங்கிப் புக்கித் தீமா காட்டுக்கு நடந்துவிடலாம். 163 மீட்டர் உயரமுள்ள குன்று. 1883ஆம் ஆண்டு முதல் காப்புக்காடு. செங்கம் பக்கத்து நவிரமலையின் காடு வேறு, இந்த மழைக்காடு வேறு. மரங்களில் ஒப்புமை தேடுதல் வீண். ஆயின் காட்டில் நடப்பான் அறிய வேண்டுவன இரண்டிடத்தும் ஒன்றே. 1854இல் இங்கு வந்த இயற்கை ஆய்வாளர் ஆல்பிரெட் ரசல் வாலசு, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் எழுநூறு வகை வண்டுகளைத் திரட்டினார். 1869இல் வெளிவந்த தம் நூலில், புலிக்காகத் தோண்டித் தழையால் மூடிய ஆழ்குழிகள் இக்காட்டில் இருந்தமையையும், முன்னர் அவற்றின் அடியில் கூர்ங்கழு நட்டிருந்ததையும், வழிப்போக்கன் ஒருவன் விழுந்து இறந்தபின் அது தடுக்கப்பட்டதையும் எழுதியுள்ளார். கல்லடாரை எண்ணாமல் அப்பகுதியைத் தமிழறிந்தார் படித்தல் இயலாது. அவரும் அக்காட்டருகே பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கியே நாள்தோறும் காடு சென்றார். சோறும் படுக்கையும் அங்கே இருந்தன. ஆதலின் சேகரிப்புக் கருவிகளோடு மட்டும் புறப்பட முடிந்தது.

குறையும் ஒன்று சொல்ல வேண்டும். நன்னனின் வாயிலை அடைந்தபின் பாட்டின் விரைவு தளர்கின்றது. திறைப்பொருள்களின் அடுக்கு நீள்கின்றது. காட்டில் ஒவ்வோர் அடிக்கும் இருந்த தேவை அங்கு இல்லை. ஆதலின் பாட்டை முழுதும் நடத்தப் பொழுது போதாத ஆசிரியர்கள், புழைவாய்க் கல்லடார் முதல் கானவர் வழிகாட்டும் இடம் வரையுள்ள ஏறத்தாழ நூறடிகளை எடுத்துக்கொள்ளலாம். மாணாக்கரைப் புக்கித் தீமாப் படிகளில் ஏற்றிச் சென்று, நின்று நின்று படிக்கச் செய்யலாம். தண்ணீர்க்குப்பியும் மழைச்சட்டையும் மூலநூலும் போதும். இங்கே கானவர் இல்லர் ஆதலின், பசிக்குச் சிறிது பண்டமும்.